பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவைக்கும்: பிறரன்பு நிதியைக் கட்டட நிதியோடு சேர்க்காதீர்கள்

பங்குத்தந்தை அவர்களுக்கும் பேரவை உறுப்பினர்களுக்கும்,

கடந்த ஞாயிறு திருப்பலி முடிவில் வாசித்த அறிவிப்பில் நான்கு முடிவுகள் இருந்தன. ஏழைகளுக்கு உதவும் பிறரன்பு நிதி இனித் தனியாக இராது, கட்டட நிதியோடு சேர்ந்துவிடும். உதவி கேட்டு வருகிறவர்கள் ஞாயிறு திருப்பலிக்கு வந்ததற்கான வருகை அட்டையைக் காட்ட வேண்டும். உதவிப் பொருள்கள் ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும், பெருவிழா நாளில், பீடத்துக்கு முன்னால் வைத்து வழங்கப்படும். படம் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். வீடு சந்திப்புக் குழு கலைக்கப்படுகிறது. நோயாளிகளையும் முதியவர்களையும் மாதம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தால் போதும்.

அன்றைய நற்செய்தி மத்தேயு 22. முதன்மையான கட்டளை எது என்று கேட்டவருக்கு இயேசு ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டைச் சொன்ன பகுதி. கடவுள்மீது அன்பு, அதற்கு இணையாக, அடுத்திருப்பவர்மீது அன்பு. திருச்சட்டமும் இறைவாக்குகளும் இந்த இரண்டிலும்தான் தொங்குகின்றன என்று மறையுரையில் அழகாகக் கேட்டோம். அது முடிந்து அரைமணி நேரம் ஆகவில்லை, இந்த அறிவிப்பு. இரண்டும் ஒரே ஒலிவாங்கியில் வந்தும் யாருக்கும் உறுத்தவில்லையே என்பதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

நாங்கள் வீடு சந்திக்கப் போகிறவர்கள், அந்தக் கணக்கை எழுதுகிறவர்கள், மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவர்கள். எங்கள் பெருமையைச் சொல்ல எழுதவில்லை. இந்த வேலை எப்படி நடக்கிறது, உங்கள் முடிவால் அதில் எது எங்கே உடையும் என்பதை மட்டும் சொல்கிறோம்.

முதலில் பணம். பிறரன்பு நிதிக்கென்று தனி உறையில் மக்கள் போட்ட பணம் அது. திருச்சபைச் சட்டத் தொகுப்பு (1983) சட்டம் 1267-இன் மூன்றாம் பிரிவு, ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக இறைமக்கள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது. கூரை ஒழுகுகிறது என்பது உண்மை. அதற்குத் தனியாகக் கேளுங்கள், நாங்களும் கொடுப்போம். ஏழைக்கென்று வாங்கிய பணத்தைக் கூரைக்கு எடுப்பது வேறு விஷயம். நல்லெண்ணத்தோடு எடுத்தாலும் அது வேறு விஷயம்தான். திருச்சபைக்குச் சொத்து எதற்கு என்று சட்டம் 1254 சொல்லும்போது வழிபாடு, அருள்பணியாளர்களின் வாழ்வாதாரம், திருத்தூதுப் பணி ஆகியவற்றோடு பிறரன்புப் பணியையும், சிறப்பாகத் தேவையில் இருப்போருக்கான பணியையும் சேர்த்தே சொல்கிறது. அது மிச்சம் இருந்தால் செய்கிற வேலையாக அங்கே எழுதப்படவில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் 536-இன்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் வாக்கு மட்டுமே உண்டு. ஆகவே, தந்தை அவர்களே, "பேரவை முடிவு செய்துவிட்டது" என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஏழைகள், துன்புறுவோர், தனிமையில் இருப்போர் ஆகியோரைத் தேடிப் போகும் கடமையை சட்டம் 529 பங்குத்தந்தையின் பெயரிலேயே எழுதியிருக்கிறது.

காணிக்கை எடுப்பதன் தொடக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஏறத்தாழ 155-ஆம் ஆண்டு உரோமையில் புனித யுஸ்தீன் ஞாயிறு வழிபாடு எப்படி நடந்தது என்று எழுதிவைத்தார். வாசகம், மறையுரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும். வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை எடுத்துப் போகிறார்கள். உடனே அடுத்த வரி: வசதி உள்ளவர்கள் விரும்பியதைக் கொடுக்கிறார்கள், அது தலைமை தாங்குபவரிடம் சேர்கிறது, அவர் அதைக் கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்போர், அந்நியர் ஆகியோரைப் பார்த்துக்கொள்கிறார். அந்தப் பட்டியலில் கட்டடம் இல்லை. நற்கருணையும் ஏழையின் பங்கும் ஒரே வாசலால் வெளியே போயின. அந்த வாசலைத்தான் இப்போது சாத்துகிறீர்கள்.

அடுத்தது தொலைபேசி. இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நான்கு முடிவுகளில் இதுதான் பார்க்கச் சாதுவாக இருக்கிறது, அதிகம் கெடுப்பதும் இதுதான்.

வீடு சந்திப்பு இப்படி நடக்கும். எப்போதும் இருவர் போவார்கள், தனியாக யாரும் போவதில்லை. ஒரு வீட்டுக்கு அதே இருவர்தான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, ஏறக்குறைய அதே நேரம். ஒரு இணைக்கு நான்கு வீட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது; ஐந்தாவது வீடு சேர்ந்தால் நான்கும் அவசர வேலையாகிவிடும். ஒரு சந்திப்புக்கு நாற்பது நிமிடம். நின்றுகொண்டு பேசக் கூடாது. படுக்கையில் இருப்பவர் அண்ணாந்து பார்க்கும்படி வைப்பதே ஒரு அவமதிப்பு. நாற்காலி இல்லையென்றால் தரையில் உட்கார வேண்டும். முதல் பத்து நிமிடம் தேவை எதையும் கேட்கக் கூடாது. குறிப்பு எழுதுவது வெளியே வந்த பிறகுதான், அவர் முன்னால் நோட்டைத் திறந்தால் அது விசாரணை. நோட்டில் வீட்டுக்கு எண், பெயர் கிடையாது. தேதி, அவர் சொன்னது, நாம் ஒத்துக்கொண்டது, அது முடிந்த நாள் என்று நான்கு பத்திகள். மூன்றாவது பத்தி நிறைந்து நான்காவது காலியாகக் கிடந்தால் அந்த இணை பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று பொருள். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வருவதைவிட "முடியாது" என்று சொல்லிவிட்டு மறுபடி போவது நல்லது.

முதல் சந்திப்பில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு ஒன்றும் வேண்டாம், நன்றாக இருக்கிறேன்." இரண்டாவதிலும் அதுதான். மூன்றாவதோ நான்காவதோ போகும்போதுதான் வீடே பேச ஆரம்பிக்கும். பத்து மாத்திரை உள்ள அட்டை ஒன்று சன்னலோரத்தில் இருக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் ஐந்து நாளில் முடிய வேண்டிய அட்டை அது. வாங்கி எட்டு நாள் ஆகியும் இன்னும் இரண்டு மாத்திரை மீதி இருந்தால், அவர் நாளுக்கு ஒன்றுதான் போடுகிறார். மறதியா, பணத்தை மிச்சம் பிடிக்கிறாரா என்பது அடுத்த கேள்வி, அதையும் நேராகக் கேட்கக் கூடாது, "அடுத்த அட்டை எப்போது வாங்கணும்?" என்று கேட்டால் பதில் தானாக வரும். பிரிக்காமல் கிடக்கும் கடிதங்கள், போன முறை கிழிக்காமல் விட்ட அதே தேதியில் நிற்கும் நாள்காட்டி, இரண்டு வாரமாக அதே சட்டை, கழிவறைக்குப் போகும் வழியில் சுவரில் புதிதாகப் படிந்த கைத்தடம். இவற்றில் எதைத் தொலைபேசி காட்டும்?

தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன்" என்ற பதில் மட்டும் வரும். காது கேளாதவர் எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்பார். பார்த்துக்கொள்கிறவரே கொடுமைப்படுத்துகிற வீட்டில், அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது படுக்கையில் இருப்பவர் என்ன சொல்வார்? அழைப்பவர் பட்டியலில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவார். பட்டியல் முழுவதும் குறி விழும், மாத அறிக்கை அழகாக இருக்கும். அப்படிப்பட்ட அறிக்கை பொய் அறிக்கையைவிட மோசம். அதை எழுதியவர் உண்மை என்றே நம்பி எழுதியிருப்பார்.

லூக்கா 10-இல் வரும் நல்ல சமாரியர் கதையை வினைச்சொற்களை மட்டும் எண்ணிக்கொண்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். குருவும், ஆலயப் பணியாளரான லேவியரும் கூட வழியில் கள்வரிடம் அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டார்கள். கண்டு, விலகிப் போனார்கள். சமாரியர் கண்டு பரிவு கொண்டார். பரிவுக்கு அந்த ஒரு வினையோடு சரி. மீதியெல்லாம் வேலை: அருகில் வருகிறார், எண்ணெயும் மதுவும் வார்க்கிறார், கட்டுகிறார், தம் விலங்கின்மேல் ஏற்றுகிறார், சாவடிக்குக் கொண்டுபோகிறார், அங்கே கவனித்துக்கொள்கிறார், மறுநாள் இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுக்கிறார், மேலும் செலவானால் திரும்பும்போது தருகிறேன் என்கிறார். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்பது மத்தேயு 20-இல் திராட்சைத் தோட்டக் கூலியாள்களின் கதையிலிருந்தே தெரியும். ஆக இரண்டு நாள் கூலி, ஒரு பொறுப்பாள், மறுபடி வருவதாக ஒரு வாக்கு. எங்கள் நோட்டின் நான்கு பத்திகளும் இதற்குள் இருக்கின்றன. அன்புகூர்வது என்றால் மற்றவருக்கு நன்மையை விரும்புவது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் சுருக்கமாக வரையறுத்தார். விரும்புவது என்றால் மனம் இளகி நிற்பது அல்ல. அந்த நன்மை அவருக்குப் போய்ச் சேரும்வரை பொறுப்பேற்பது.

வருகை அட்டைக்கு வருவோம். ஞாயிறு திருப்பலிக்கு யார் வருவதில்லை என்று யோசித்துப் பார்த்தீர்களா? படுத்த படுக்கையாக இருப்பவர் வருவதில்லை. அவரை விட்டுவிட்டு நகர முடியாதவரும் வருவதில்லை. இரவு வேலை முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்தவர், உடுத்த நல்ல துணி இல்லை என்று கூச்சப்படுகிறவர், மணமுறிவுக்குப் பின் எல்லோர் பார்வைக்கும் பயந்து ஒதுங்கியவர், பங்கில் யாரோ ஒருவர் சொன்ன ஒரு சொல்லில் புண்பட்டுப் போனவர். தேவை எங்கே அதிகமோ அங்கேதான் அட்டை காலியாக இருக்கும். உதவி வேண்டாதவர் அட்டை மட்டும் நிறைந்திருக்கும்.

"ஏமாற்றுகிறார்கள், தகுதி பார்க்க வேண்டாமா" என்று பேரவையில் கேட்கப்பட்டதாக அறிகிறோம். ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், எங்களுக்கும் நடந்திருக்கிறது. அதற்கு மருந்து, ஒரே இணை திரும்பத் திரும்ப ஒரே வீட்டுக்குப் போவது. ஒருமுறை ஏமாற்றுவது எளிது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறவரை ஏமாற்றுவது கடினம். தகுதி பற்றிப் புனித யோவான் கிறிசோஸ்தோம் 4-ஆம் நூற்றாண்டிலேயே, செல்வனும் ஏழை இலாசரும் என்ற உவமை பற்றிய மறையுரையில் பேசியிருக்கிறார். ஈகை செய்கிறவர் ஒரு துறைமுகம் போன்றவர், கப்பல் உடைந்து வருகிறவர் நல்லவரா கெட்டவரா என்று துறைமுகம் விசாரிப்பதில்லை என்பது அவர் வாதம். அதே நூற்றாண்டில், கிறிஸ்தவத்தை அடக்கப் பார்த்த உரோமைப் பேரரசன் யூலியன், கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளை மட்டுமல்லாமல் நம் ஏழைகளையும் சேர்த்துத் தாங்குகிறார்களே என்று தன் சமயக் குரு ஒருவருக்கு வெட்கத்தோடு எழுதினான். எதிரியே ஒத்துக்கொண்ட அந்தப் பெயரை நாம் ஒரு வருகை அட்டையில் தொலைக்கப் போகிறோம்.

படம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்பது மலைப்பொழிவு. நடைமுறையில் நடப்பது இது: பையை வாங்கும் படம் பலகையில் ஒட்டிய பிறகு, அந்த வீட்டுப் பிள்ளை மறைக்கல்வி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடும். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டத்தான் படம் என்றால் கணக்கையே காட்டுங்கள். எத்தனை வீடு, எவ்வளவு பணம், எதற்கு என்ற எண்கள் போதும்.

ஆண்டுக்கு இரண்டு முறை மொத்தமாகக் கொடுப்பதன் கோளாறு 1617-லேயே தெரிந்துவிட்ட ஒன்று. பிரான்சில் சாத்தியோன் என்ற ஊரில் ஒரு வீட்டில் எல்லோரும் நோயில் கிடக்கிறார்கள் என்று புனித வின்சென்ட் தே பவுல் ஒரு ஞாயிறு மறையுரையில் சொன்னார். அன்று பிற்பகலே ஊர்மக்கள் சாரிசாரியாக உணவோடு அந்த வீட்டுக்குப் போனார்கள். அவர் மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. இன்று வந்ததில் பாதி கெட்டுப்போகும், நாளை மறுபடி பட்டினிதான் என்று பார்த்தார். அன்பு நிறைய இருந்தது, ஒழுங்குதான் இல்லை. அதே ஆண்டில் ஒரு பிறரன்புச் சங்கம் அமைத்து, முறை வைத்து நாளுக்கு ஒருவர் உணவு கொண்டுபோக விதி எழுதினார். அந்த விதியைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். மலர்ந்த முகத்தோடு வணக்கம் சொல்ல வேண்டும், படுக்கையின்மேல் பலகை வைத்துத் துணி விரிக்க வேண்டும், கிண்ணமும் கரண்டியும் அப்பமும் வைக்க வேண்டும், நோயாளியின் கையைக் கழுவிவிட்டுச் செபம் சொல்லி, பிறகுதான் பரிமாற வேண்டும். கடைசியில் ஒரு குறிப்பு: துணைக்கு ஆள் இருப்பவரிடம் முதலில் போங்கள், தனியாக இருப்பவரைக் கடைசியில் வையுங்கள், அவரோடு அதிக நேரம் இருக்கலாம். அன்பைப் பற்றி ஆயிரம் மறையுரை கேட்டவருக்கும் இந்தக் கடைசி வரி தோன்றுவதில்லை. தட்டு தூக்கிக்கொண்டு படியேறியவருக்குத்தான் தோன்றும்.

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு, மறைக்கவில்லை. இனிமையாகப் பேசுகிறவர் வீட்டில் ஒரு மணி நேரமும், எரிந்துவிழுகிறவர் வீட்டில் கால்மணி நேரமும் உட்காருகிறோம். நோட்டைப் புரட்டினால் தெரிகிறது. நமக்கு வேண்டாத பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்ப்பவர்கள் எங்களிடையேயும் இருக்கிறார்கள். அவரே செய்துகொள்ளக்கூடியதை நாம் செய்துகொடுத்து அவரை இன்னும் முடக்கிவிடுவதும் நடக்கிறது. உடைமையெல்லாம் கொடுத்தாலும் அன்பு இல்லையேல் பயனில்லை என்று பவுலடியார் எழுதியது உங்களுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும்தான். ஆள் குறைந்துவிட்டது, இருப்பவர்கள் களைத்துவிட்டார்கள் என்பதும் சரி. ஆனால் எருசலேமில் அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபடுகிறார்கள் என்று முறையீடு வந்தபோது திருத்தூதர்கள் பந்தியை நிறுத்தவில்லை. நற்பெயரும் ஞானமும் உள்ள ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கும்படி சபையிடம் சொல்லி, அவர்கள்மேல் கைகளை வைத்து வேண்டி, அந்த வேலைக்கென்றே அமர்த்தினார்கள். பரிமாறுகிற வேலைக்கு அவ்வளவு தகுதி பார்த்தார்கள்! திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் இன்றைக்கும் நம் ஆள் பற்றாக்குறைக்குப் பொருந்தும்.

ஆகவே கேட்கிறோம். பிறரன்பு நிதியைக் கட்டட நிதியோடு சேர்க்கும் முடிவை அடுத்த பேரவைக் கூட்டத்தில் திரும்பப் பெறுங்கள். இதற்குள் மாற்றிய தொகை இருந்தால் அதே கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு இரண்டு கையொப்பம் கட்டாயம் என்று வையுங்கள், ஒன்று பேரவைக்கு வெளியே உள்ளவருடையதாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைப் பெயர் இல்லாமல் எண்களோடு அறிவிப்புப் பலகையில் போடுங்கள். ஒவ்வோர் இணையிடமும் கேட்காமலே செலவிடக்கூடிய ஒரு சிறு கைப்பணம் இருக்கட்டும், அதற்கு மேல் தேவைப்படும் தொகைக்கு இரண்டு நாளுக்குள் பதில் சொல்லுங்கள். மருந்து தீர்ந்தவருக்கு மாதக் கூட்டம்வரை காத்திருக்க முடியாது.

வருகை அட்டையை முழுவதும் எடுத்துவிடுங்கள். திருத்தி எழுத வேண்டாம். படம் எடுப்பதையும் பீடத்தின்முன் வழங்குவதையும் நிறுத்துங்கள், ஏற்கெனவே ஒட்டிய படங்களை இந்த வாரமே கழற்றுங்கள்.

வீடு சந்திப்புக் குழு தொடரட்டும். தொலைபேசி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் ஒரு அழைப்பு நல்லதுதான். புதிதாக ஆறு பேரைக் கேளுங்கள். மறையுரையில் பொதுவாக அழைக்காமல், தந்தை அவர்களே நேரில் போய்ப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்கு முதல் நான்கு சந்திப்பும் பழையவரோடு சேர்ந்துதான். தனியாகப் போகக் கூடாது, சிறுவரோடு தனித்திருக்கக் கூடாது, யாருடைய வங்கி அட்டையையும் சாவியையும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, கேட்டதை வெளியே பேசக் கூடாது, ஆனால் யாருக்காவது அடி விழுகிறது என்று தெரிந்தால் மறைக்கவும் கூடாது என்பதை எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். பேரவை உறுப்பினர் ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு சந்திப்புக்காவது எங்களோடு வாருங்கள். இந்த வாரம் செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணிக்கு ஆலய வாசலிலிருந்து புறப்படுகிறோம்.

இப்படிக்கு,
வீடு சந்திப்புக் குழுவினரும் மறைக்கல்வி ஆசிரியர்களும்